பங்கருக்குள் அழாத பிள்ளை

இணுவில் பரமலிங்கம் மாதகல் கரையில் ஒரு கலியாண வீட்டுக்குப் பாட்டுப் போட்டால், அக்கரையில் வேதாரணியத்து மாடுகள் தலையாட்டும் என்று சனம் சொல்லும். சனம் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். ஆனாலும் பாதியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்த மனிதனின் ஒலிபெருக்கிச் சத்தம் பாதியாகாது.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் கொழும்பில் அவர் வேலை செய்த ரேடியோக் கடை எரிந்து போனது. அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர்களின் கையில் பிள்ளை, பெட்டி, சாமிப் படம். பரமலிங்கத்தின் கையில் வாயகன்ற ஒலிபெருக்கி ஒன்று. கப்பலில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தபோது கோப்பை இல்லாத பரமலிங்கம் அதைத்தான் நீட்டினாராம்.

"அடியிலை ஓட்டையெல்லோ? தேத்தண்ணி எப்பிடி நிண்டது?" என்று ஆரும் கேட்டால், "பெருவிரலாலை அடைச்சுப் பிடிச்சனான். இண்டைக்கும் அந்த விரல் சூடாத்தான் கிடக்கு, தொட்டுப் பாரும்" என்று விரலை நீட்டுவார். தொட்டுப் பார்த்தவர்களும் உண்டு.

அந்த வருடக் கடைசியில் உரும்பிராயில் குணலட்சுமியைக் கட்டினார். வீட்டு முன் கொட்டிலில் 'கோகிலம் சவுண்ட் சேவிஸ்' என்று பலகை தொங்கியது. கோயில் திருவிழா, பூப்புனித நீராட்டு, செத்தவீடு, எதற்கும் அவர்தான். பிள்ளை மட்டும் வரவில்லை. "உனக்கு மூத்த மகள் ஆம்பிளிஃபயர்தானடா" என்று கூட்டாளிமார் பகிடி பண்ணுவார்கள். அவரும் சிரிப்பார். வீட்டுக்குப் போய்க் குணலட்சுமியின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு வாசலிலேயே நின்றுவிடும்.

ஏழு வருடம் நேர்ந்து, விரதமிருந்து, தொண்ணூறாம் ஆண்டு வைகாசியில் ஒரு பெண் பிள்ளை பிறந்தது. கோகிலவாணி என்று பெயர் வைத்தார்கள். நிறைமாதம், நல்ல நிறை. கொஞ்சம் மஞ்சள் பாரித்திருந்தது. அது ஒரு மாதமாகியும் முழுக்க விடவில்லை. "காலமை வெயில் காட்டுங்கோ, போயிடும்" என்றார்கள். காட்டினார்கள். பால் குடிக்க எழுப்ப வேண்டியிருந்தது. குடித்ததும் மறுபடி நித்திரை. அழுகை என்று ஒன்று பேருக்கு வரும், தொண்டை கட்டிய கிழவர் செருமுவதுபோல. பிறகு அதுவும் அடங்கிவிடும்.

அடுத்த மாதம் இராணுவத்துக்கும் இயக்கத்துப் பெடியளுக்கும் சண்டை மூண்டது. யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டைக்கு வானத்திலிருந்து போட்ட குண்டு ஊரெல்லாம் விழுந்தது. பரமலிங்கம் வளவின் பின்பக்கம் பதுங்க ஒரு பங்கர் வெட்டினார். தென்னங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு, ஒலிபெருக்கிப் பெட்டிகளின் பலகையால் உள்ளே குந்தியிருக்க ஒரு வாங்கும் அடித்தார். பக்கத்து வீட்டுச் சின்னாச்சி குடும்பமும் அதற்குள்தான்.

அந்த நாட்களில் சனத்துக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. குழந்தை அழுகிற சத்தம் பிளேனுக்குக் கேட்கும், கேட்ட இடத்தைப் பார்த்துக் குண்டைப் போடுவான் என்று. பிளேனின் இரைச்சலில் பக்கத்தில் இருக்கிறவன் கதைப்பதே கேட்காது. ஆனால் பயத்துக்கு ஆர் கணக்குப் பார்த்தது? தாய்மார் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள், சீனி தொட்டு வைத்தார்கள், முலையைத் திணித்தார்கள். கோகிலவாணிக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. தலைக்கு மேல் மண் உதிரும்போதும் அவள் கண்ணை அரைவாசி திறந்து, நாக்கு நுனியை வெளியே விட்டுக்கொண்டு கிடந்தாள்.

"இது பிள்ளையில்லை, அம்மாள் கொலு வந்திருக்கிறா" என்றாள் சின்னாச்சி. "குணம், நாளைக்குப் பிள்ளையை என்ரை மடியிலை ஒருக்கால் தா. இவள் இருக்கிற பக்கம் விழாது."

இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்தவர்கள்கூட வந்து பிள்ளையை இரவல் கேட்டார்கள். விபூதி பூசினார்கள். ஊரிலே அதிகம் சத்தம் போடுகிற மனிதனுக்குச் சத்தமே இல்லாத பிள்ளை! "அவளின்ரை பங்குச் சத்தத்தையும் நான்தான் முடிச்சுப் போட்டன், மிச்சம் விடேல்லை" என்று பரமலிங்கம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆடி மாதத்தில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் இருக்கவே முடியாமல் போனது. ஆம்பிளிஃபயர் பழுதானால் திருத்திக் கொடுக்கிற ஹலீம், மனைவி நஜ்முன்னிஸாவோடும் பிள்ளைகளோடும் பட்டினத்து முஸ்லிம் சனம் இருக்கிற சோனகத் தெருவை விட்டு வந்து பரமலிங்கத்தின் கொட்டிலில் தங்கினான். நஜ்முன்னிஸா ஆறு பெற்று ஆறையும் ஆளாக்கியவள். இரண்டு நாள் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது தானாகவே வந்து வயிற்றைத் தடவினாள்.

"தங்கச்சி, கோவிக்காதீங்க. இந்த வெயில்லயும் பிள்ளைட உடம்பு குளிருது. தொப்புள் தள்ளிக் கிடக்கு. நாக்கு வாய்க்குள்ள அடங்கல்ல. என்ட மூத்த ராத்தாட மகள் ஒண்டு இப்பிடித்தான் இருந்திச்சு. கழுத்தில இருக்கிற ஏதோ ஒண்டு வேலை செய்யல்ல எண்டு டொக்டர் சொன்னார். பிந்திப் போயிட்டம். அதுதான் சொல்றன், இவளை ஒருக்காக் காட்டுங்க."

குணலட்சுமியின் கை தண்ணீரிலேயே நின்றது. ஏழு வருடம் காத்துப் பெற்ற பிள்ளை. ஊரே விபூதி பூசிக் கும்பிடுகிற பிள்ளை.

"ஊரிலை ஒருத்தருக்கும் தெரியாத வருத்தம் உங்களுக்கு மட்டும் தெரியுதோ?" என்று பிள்ளையைத் துவாயால் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். "உப்பிடிப் பார்க்காதையுங்கோ அக்கா. என்ரை பிள்ளைக்குக் கண்ணூறு பட்டிடும்."

நஜ்முன்னிஸா எழுந்து போனாள். கிணற்றடியில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பரமலிங்கத்தை அவள் கடந்து போகும்போது, அவர் வாளியில் ஏதோ தூசி எடுப்பதுபோல் குனிந்துகொண்டார். அவருக்கும் உள்ளுக்குள் ஏதோ சுருக்கென்றது. ஆசுப்பத்திரிக்கு ஒரு நடை போய் வந்தால் என்ன? ஆனால் போனால், மனைவியின் சொல்லுக்கு மேலே இன்னொருத்தியின் சொல்லை வைத்ததாகிவிடும். 'பிள்ளை நல்லாய்த்தானே இருக்கு' என்று அந்தச் சுருக்கை அமுக்கிவிட்டார். அன்று மாலையே குழந்தையின் நெற்றியில் பெரிய கறுப்புப் பொட்டு ஏறியது. மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார்கள்.

புரட்டாதிக் கடைசியில் கோட்டைச் சண்டை ஓய, ஹலீம் குடும்பம் சோனகத் தெருவுக்குத் திரும்பியது. போகும்போது நஜ்முன்னிஸா பிள்ளையைத் தூக்கக் கேட்கவில்லை. தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு காலை, பெடியள் வந்து ஆம்பிளிஃபயரையும் ஒலிபெருக்கியையும் கேட்டார்கள். கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். எதற்கென்று பரமலிங்கம் கேட்கவில்லை. பின்னேரம் திரும்பி வந்தது. பட்டினத்திலிருந்து வந்த ஒருவர்தான் சொன்னார்: சோனகத் தெருச் சனம் எல்லாரையும் மைதானத்துக்கு வரச்சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள் என்று. பரமலிங்கம் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். ஹலீமின் வீட்டுக் கதவு வெளியால் பூட்டியிருந்தது. கொடியில் ஒரு சின்னச் சட்டை இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து அந்த ஒலிபெருக்கியைச் சாக்கால் மூடிக் கொட்டில் மூலையில் தள்ளினார். பிறகு அதில் பாட்டு ஏறவில்லை. மின்சாரமும் இல்லாத காலம், ஆரும் வந்து கேட்கவுமில்லை.

தைப்பொங்கலன்று சின்னாச்சியின் பேரன், கோகிலாவுக்கு ஒரு மாதம் இளையவன், பொங்கல் பானையைப் பார்த்துத் தவழ்ந்து வந்தான். கோகிலா பாயில் கிடந்தாள். தலை நிமிரவில்லை. குணலட்சுமி இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பொங்கல் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததைக்கூட அவள் காணவில்லை.

"இஞ்சாருங்கோ," என்றாள். "நாளைக்கு ஆசுப்பத்திரிக்குப் போவம்."

டொக்டர் சிவசுப்பிரமணியம் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், தொப்புளைப் பார்த்தார். இரத்தம் எடுத்தார், அது கொழும்புக்குப் போய் மறுமொழி வரும் வரைக்கும் காத்திருக்கேலாது, இன்றைக்கே குளிசை மருந்து தொடங்க வேண்டும் என்றார். பிறகு பரமலிங்கத்தின் தொழிலைக் கேட்டார்.

"நல்லதாய்ப் போச்சு. உமக்கு விளங்கும். வயருக்கு மேலை உறை இல்லாட்டி என்ன நடக்கும்?"

"ஒழுகும் ஐயா. போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராது."

"மூளையிலை இருந்து ஓடுறதும் வயர் மாதிரித்தான். பிறக்கேக்கை கனக்க வயருக்கு உறை இராது. பிறந்த பிறகுதான் சுத்துப்படும், முதல் இரண்டு மூண்டு வருசத்திலை அவசரம் அவசரமா. உறை சுத்துறதுக்கெண்டே மூளைக்குள்ளை கலங்கள் இருக்கு. அதுகள் முதலிலை குஞ்சுக் கலமாய்ப் பெருகிக்கொண்டு இருக்கும். 'பெருகினது காணும், இனி முத்தி வேலையைத் தொடங்குங்கோ' எண்டு ஒரு செய்தி வரவேணும். கழுத்திலை இருக்கிற சுரப்பிதான் அதை இரத்தத்திலை கலந்து அனுப்புறது. ஓமோன் எண்டு சொல்லுவினம். உம்மடை பிள்ளைக்கு அந்தச் சுரப்பி வேலை செய்யேல்லை."

"அப்ப அந்தக் கலங்கள்?"

"இருக்கு. வேலையாக்கள் எல்லாம் வந்து குந்தியிருக்கினம். தொடங்கச் சொல்லித்தான் ஆளில்லை."

குணலட்சுமி முதல் தடவையாக வாய் திறந்தாள். "நான் ஏதும் பிழையாத் திண்டனானோ ஐயா?"

"இல்லைப் பிள்ளை. வயித்துக்குள்ளை இருக்கு மட்டும் உம்மடை செய்தியிலை கொஞ்சம் அவளுக்கும் போயிருக்கும். அதுதான் இவ்வளவாவது. வெளியிலை வந்த பிறகு அது நிண்டுபோச்சு. குளிசை குடுத்தால் இனிச் சுத்தவேண்டியது சுத்தும். ஆனால் போன மாசங்கள் போனதுதான். முதல் கிழமைகளிலை, போகட்டும், முதல் இரண்டு மாசத்திலையாவது கொண்டுவந்திருந்தால்..."

டொக்டர் அதோடு நிறுத்திவிட்டார். பரமலிங்கத்துக்குள் அது நிற்கவில்லை. கிணற்றடியில் வாளிக்குள் குனிந்து நின்றபோது பிள்ளைக்கு இரண்டு மாதம்.

வீட்டுக்கு வந்து படலையைத் திறக்கும்போது குணலட்சுமி சொன்னாள்: "நஜ்முன் அக்காவுக்கு எங்கை போய்ச் சொல்லுறது?" அவள் எந்த ஊரில் எந்தக் கொட்டிலில் கிடக்கிறாள் என்று ஆருக்குத் தெரியும். புத்தளம் பக்கம் என்றார்கள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து காலை எழும்பியதும் முதல் வேலை குளிசை. கரண்டியில் நசித்து, முலைப்பாலில் கரைத்து, வேறெதுவும் போகுமுன் நாக்கில் விடவேண்டும். பரமலிங்கம்தான் விடுவார். மூன்று கிழமையில் பிள்ளையின் கால் வெதுவெதுப்பானது. தானாகப் பசித்து முழித்தாள். ஒரு நாள் பிளேன் வந்து எல்லாரும் பங்கருக்குள் விழுந்தடித்து இறங்கியபோது, வானம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். பிளேன் இல்லை. கோகிலவாணி.

"ஐயோ, வாயைப் பொத்து! வாயைப் பொத்து!" சின்னாச்சி கத்தினாள். "நல்லாய் இருந்த பிள்ளைக்கு என்னத்தைப் பருக்கிக் கெடுத்தனீங்கள்?"

"கெடுக்கேல்லை சின்னாச்சியக்கா," என்றார் பரமலிங்கம். இருட்டுக்குள் அவர் முகம் தெரியவில்லை. "அழட்டும். அழு மோனை, நல்லா அழு."

"உவருக்கு விசர். எல்லாரையும் சாக்கொல்லப் போறார்."

"கேக்குதே குணம்? எப்பிடி எடுக்கிறாள் பார், மைக் இல்லாமலே!"

குணலட்சுமி பிள்ளையின் வாயைப் பொத்தவில்லை. பிள்ளையோடு சேர்ந்து தானும் அழுதாள். அடுத்த நாள் சின்னாச்சியின் மருமகன் தங்கள் வளவில் தனிப் பங்கர் வெட்டத் தொடங்கினான். விபூதியோடு வந்தவர்கள் பிறகு வரவேயில்லை.

தொண்ணூற்றிரண்டு மாரியில் குளிசை முடிந்தது. ஆசுப்பத்திரியில் இல்லை, கடையில் இல்லை, கப்பலும் வரவில்லை. ஒருவர் வீட்டில் செத்துப்போன மனிசிக்கு வாங்கிய மிச்சம் இருந்தது; அதுவும் கொஞ்ச நாளில் தீர்ந்தது. பிடித்து நிற்கப் பழகியிருந்த பிள்ளை மெல்ல மெல்லக் குந்தினாள், பிறகு படுத்தாள். அழுகை சிணுங்கலாகி, சிணுங்கல் செருமலாகித் தேய்ந்தது. அந்த வீட்டில் இப்போது அமைதியைப் போலப் பயமான பொருள் வேறில்லை.

பரமலிங்கம் கிளாலிக்குப் போனார். கடலேரியில் படகு கடக்கிறவர்களைச் சுடுகிற காலம். குணலட்சுமி தடுக்கவில்லை, தடுக்க அவளிடம் வேறு வழியும் இருக்கவில்லை. கடலேரியைக் கடந்து, வவுனியா போய், அகப்பட்ட குளிசையெல்லாம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது காவலரணில் ஒரு சிப்பாய், மருந்து வடக்கே போகக்கூடாதென்று, குளிசைப் போத்தலைப் பிடுங்கினான். பரமலிங்கம் கொழும்பில் பழகிய சிங்களத்தில், பிள்ளைக்கு, கழுத்துக்கு, என்று சொல்லித் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். சிப்பாய் அவரைப் பார்த்தபடி தன் கழுத்தையும் ஒருமுறை தடவினான். போத்தல் திரும்பி வந்தது. இந்தக் கதையைப் பரமலிங்கம் பின்னாளில் சொல்லும்போது மட்டும் ஒன்றும் கூட்டிச் சொல்லமாட்டார்.

குளிசை மறுபடி தொடங்கியது. போன மாரியும் போன மாதங்களோடு சேர்ந்து போனது.

கோகிலா மூன்றரை வயது தாண்டி நடந்தாள். நாலரை வயதில் சொல் வந்தது. ஆனால் அவளிடம் ஒன்றைக் கேட்டால் மறுமொழி உடனே வராது. கேள்வி உள்ளே எங்கோ நடந்து போகும், ஆளைத் தேடும், கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு திரும்பி வரும். காலையில் "புட்டு வேணுமோ?" என்று கேட்டால் மத்தியானம் "ஓம்" என்பாள் என்று சின்னாச்சி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அது சின்னாச்சியின் புளுகு. ஆனால் புட்டு ஆறிப்போகும் என்பது உண்மை.

பொறுக்காமல் இன்னொருதரம் கேட்டால் இன்னும் கஷ்டம். பாதி வழி வந்த மறுமொழியை விட்டுவிட்டு, இரண்டாவது கேள்விக்கு மறுபடி முதலில் இருந்து தொடங்குவாள். இதைக் கண்டுபிடிக்கப் பரமலிங்கத்துக்கு நெடுநாள் எடுத்தது. கண்டுபிடித்த பிறகு அவர் ஒரு கேள்வியை ஒருதரம்தான் கேட்பார். கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஒருகாலத்தில் இரண்டு பாட்டுக்கு நடுவிலேகூட இடைவெளி விடாத மனிதன்.

தொண்ணூற்றைந்து தையில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பூரணம் ரீச்சர் கெட்டவள் இல்லை.

"பிள்ளை, உம்மடை பேர் என்ன?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "பேர் என்ன மோனை?" இன்னும் கொஞ்ச நேரம். "அப்பாவுக்கு என்ன பேர்?"

"ரீச்சர், ஒருதரம் கேட்டிட்டுச் சும்மா இருங்கோ. சொல்லுவாள்."

"அம்பது பிள்ளையள் அண்ணை, எனக்கு. அடுத்த வருசம் கொண்டு வாருங்கோவன்."

வெளியே வந்து வேப்பமரத்தைத் தாண்டியபோது, "கோகிலவாணி பரமலிங்கம்" என்றாள் பிள்ளை, யாருக்கோ சொல்வதுபோல, தெளிவாக. பரமலிங்கம் திரும்பிப் பார்த்தார். வகுப்பின் கதவு சாத்தியிருந்தது.

அந்த அடுத்த வருடம் வரவில்லை. ஐப்பசிக் கடைசியில் ஒரு பின்னேரம், இராணுவம் நெருங்கிவிட்டது, வலிகாமம் முழுவதும் உடனே வெளியேற வேண்டும் என்று பெடியள் அறிவித்தார்கள். இருந்த சனம் அத்தனையும் ஒரே தெருவில் இறங்கியது. பரமலிங்கத்தின் சைக்கிளில் முன்னால் அரிசிச் சாக்கு, பின்னால் கோகிலா, சட்டைப்பையில் குளிசை. குணலட்சுமி தலையில் மூட்டையோடு கரியரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நடந்ததென்று சொல்லக்கூடாது, சனம் தள்ளியது, கால் தரையில் பட்டது. நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட வந்தபோது விடிந்து, மழை கொட்டத் தொடங்கியிருந்தது.

பாலத்தடியில் சைக்கிள் சில்லு சேற்றில் புதைந்தது. பிள்ளையை இறக்கிக் குணலட்சுமியின் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பரமலிங்கம் சில்லைத் தூக்கினார். பின்னாலிருந்து ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் இரைந்துகொண்டு வர, சனம் ஒருபக்கம் சாய்ந்தது. குணலட்சுமி மூட்டையோடு விழுந்தாள். எழும்பியபோது கையில் பிள்ளை இல்லை.

"பிள்ளை! என்ரை பிள்ளை!"

சுற்றிவர எல்லாரும் ஆரையோ கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த மழைக்குள் நூறு பெயர்கள். பரமலிங்கம் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பாலத்தின் ஓரச் சுவரில் ஏறினார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"கோகிலா! எங்கை நிக்கிறாய்?"

ஒருதரம். பிறகு வாயை மூடிக்கொண்டு நின்றார்.

"கூப்பிடுங்கோவன்!" குணலட்சுமி அவரின் காலைப் பிடித்து உலுப்பினாள். "ஏன் நிக்கிறியள்? கூப்பிடுங்கோ!"

"பொறு."

"அண்ணை, பலத்துக் கூப்பிடுங்கோ, நாங்களும் கூப்பிடுறம்" என்றான் பக்கத்தில் ஆட்டோடு போன ஒருவன். "கோகி..."

"வேண்டாம் தம்பி!" பரமலிங்கம் அவன் தோளைப் பிடித்தார். "உம்மைக் கும்பிட்டன், கூப்பிடாதையும். கூப்பிட்டால் அவள் திரும்ப முதலிலை இருந்து தொடங்குவாள்."

அவன் விளங்காமல் பார்த்துவிட்டுச் சனத்தோடு போய்விட்டான். "சுவரிலை நிண்டு வழியை மறைக்காதை" என்று ஆரோ ஏசினார்கள். குணலட்சுமி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தொண்டைக்குள் அந்தப் பெயர் முட்டிக்கொண்டு நின்றது, பரமலிங்கத்துக்குத் தெரிந்தது, அவருக்கும் முட்டியது. தன் சொல் அந்தச் சனத்துக்குள் எங்கோ ஒரு சின்னத் தலைக்குள் இறங்கி, உறையில்லாத வயர்களில் ஒழுகி ஒழுகிப் போய்க்கொண்டிருப்பதை நினைத்தார். போய்ச் சேருமா? சேரும் வரைக்கும் அவள் மிதிபடாமல் நிற்பாளா? தெருவில் சனம் போய்க்கொண்டே இருந்தது. தெரிந்த முகங்கள் வந்து, கடந்து, மறைந்தன. மழை நீர் அவர் கண்ணுக்குள் ஓடியது. அவர் துடைக்கவில்லை.

பிறகு கீழே, நீர்ப் பக்கமாக, கவிழ்ந்து கிடந்த ஒரு வண்டிலுக்குப் பின்னாலிருந்து, கரகரத்த அந்தக் குரல் வந்தது.

"இஞ்சை நிக்கிறன். வாறன் அப்பா."

வாறன் என்று சொன்னவளின் கால்கள் இன்னும் புறப்படவில்லை. பரமலிங்கம்தான் சுவரிலிருந்து குதித்துச் சனத்தைக் கிழித்துக்கொண்டு போனார்.